ஆறு மாவில் பதினாலு குடம்

நீர்த்தன்னிறைவு வாரியத்தைப் பற்றி யாரும் என்னிடம் குறை சொல்ல வேண்டாம். ஒன்றாம் தேதி சம்பளம் ஒரு மாதமும் தவறியதில்லை. தீபாவளிக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள், மூன்றடுக்கு. நான் அங்கே டைப்பிஸ்டாக இருந்தபோது நடந்ததைத்தான் இங்கே சொல்கிறேன். பெரும்பாலானவை என் விரல் வழியாகத்தான் வெளியே போயின.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நாட்டுக்குள் எல்லாம் தாராளமாக வந்துகொண்டிருந்தது. கேபிள் டிவி வந்தது, எஸ்.டி.டி. பூத் வந்தது, பாட்டிலில் அடைத்த தண்ணீர் வந்தது. காவிரி மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெளிநாட்டுக் கடன் வந்தது. அதை வைத்து வாரியத்தை ஆரம்பித்து, மதகுகளின் சாவியை எல்லாம் எங்கள் கையில் கொடுத்தார்கள். தஞ்சாவூரில் முகூர்த்தமே படியாத ஒரு கல்யாண மண்டபம் வாடகைக்குக் கிடைத்தது. மணமகள் அறையில் ஃபைல்கள். மணமகன் அறையில் நானும் கம்ப்யூட்டரும். இயக்குநர் மதிவாணனின் மேஜை மணவறை மேடையிலேயே போடப்பட்டிருந்ததால் மனு கொடுக்க வந்தவர்கள் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இயக்குநர் பதினோரு நாள் ஹாலந்து போய் வந்தவர். சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் "ஹாலந்துல இப்படி இல்ல" என்பார். கடன் கொடுத்தவர்கள் தை மாதம் வந்து, வாரியம் இதுவரை எவ்வளவு தண்ணீரை அதிகப்படுத்தியிருக்கிறது என்று கேட்கப்போவதாகக் கடிதம் வந்தது. அதிகப்படுத்தியது என்று பார்த்தால் நாற்காலிகள்தான். ஒரு வாரம் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் காலையில் மகளுடைய பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தி நடக்கும் கூடத்தில் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்தார்.

"நெல்லுங்கிறது என்ன? மாவுச்சத்து. மாவுச்சத்துங்கிறது என்ன? சர்க்கரை. குளுக்கோஸ்னு ஒரு சின்னச் சர்க்கரை, ஒண்ணோட ஒண்ணு கை கோத்து, ஆயிரக்கணக்குல சங்கிலியா நிக்குது. அதுதான் நாம சாப்பிடுற சோறு. பால் பிடிக்கிறப்ப நெல்லக் கிள்ளி வாயில வச்சா இனிக்கும். முத்தினா இனிக்காது. ஏன்? சர்க்கரை எல்லாம் சேந்து மாவாயிடுச்சு. சரி, அப்படிச் சேரும்போது என்ன ஆவுது?"

அவர் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரியை விரலால் தட்டினார்.

"ஒவ்வொரு தடவை ரெண்டு சர்க்கரை சேரும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது! ஆயிரம் சர்க்கரை சேந்தா தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது தண்ணி. நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா நெல்லுக்குத் தண்ணி குடு, தண்ணி குடுன்னு கத்திட்டிருக்கான். நெல்லு தண்ணி குடிக்கலய்யா. குடுக்குது!"

கணக்கர் முதலில் கை தட்டினார். நானும் தட்டினேன். புத்தகத்தில் இருந்தது சத்தியமான வார்த்தை. அதில் ஒரு பிழையும் கிடையாது.

அன்று மாலையே நாற்பத்தொன்றாம் எண் சுற்றறிக்கை அடித்தேன். 'பால் பிடிக்கும் பருவத்தில் உள்ள வயல்கள் நீர் உற்பத்தி நிலையில் இருப்பதால், அவை நீர் பெறத் தகுதியற்றவை. உற்பத்தி நடைபெறவில்லை என்று வாரியத்திடம் சான்று பெற்றால் மட்டுமே மதகு திறக்கப்படும்.'

இந்தச் சுற்றறிக்கை போய் முட்டியது மீரா உசேன் மீது.

மீரா உசேனுக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில், ஆறு மா நிலம். அதாவது இரண்டு ஏக்கர். ஷார்ஜாவில் ஒரு கஃபட்டீரியாவில் பதினாலு வருஷம் பரோட்டா போட்டு வாங்கியது. ஊருக்குத் திரும்பிய அன்றே பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் போட்டுவிட்டு, "இனி இதைத் தொட்டா என் கைய ஒடி" என்று மனைவி கமருன்னிஸாவிடம் சொன்னாராம். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அந்தம்மா புருஷனோடு சேர்ந்தாற்போல இருந்தது இரண்டு வருஷம்கூட இல்லை. போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிற பூமி அது. வாய்க்காலை விட்டால் வேறு கதி கிடையாது. சம்பா கதிர் வாங்கி, பால் பிடித்து, ஒரே ஒரு தண்ணீருக்காக நின்றுகொண்டிருந்தது. பத்து நாளைக்குள் விட்டால் நெல், இல்லாவிட்டால் பதர்.

மதகுக் காவலுக்கு இருந்த லஸ்கர் பக்கிரி சாவியைக் காட்டினாராம். "சாவி இருக்கு பாய். வாய்க்கால்ல தண்ணியும் முழங்கால் மட்டும் நிக்குது. ஆனா சான்று இல்லாம தொறந்தா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க."

அப்படித்தான் மீரா உசேன் கல்யாண மண்டபத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மேடை ஏறினார்.

"சார், ஒரே ஒரு தண்ணி விட்டாப் போதுங்க. வெடிப்பு விட ஆரம்பிச்சிருச்சு."

"உங்க பயிர் என்ன நிலையில இருக்கு?"

"பால் பிடிச்சிருக்குங்க."

"வாழ்த்துகள்!" என்று இயக்குநர் எழுந்து கை கொடுத்தார். "நீங்க உற்பத்தியாளர். மனு குடுக்குற எடத்துல நீங்க நிக்கவே கூடாது. டைப்பிஸ்ட் அம்மா, ஆறு மாவுக்கு எவ்வளவு வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அட்டவணை என்னிடம் இருந்தது. ஏழு போட்டு அதன் பின்னால் இருபத்தேழு சைபர். ஒரு சைபர் குறைந்தாலும் மெமோ கொடுப்பார் என்பதால் விரல் வைத்து எண்ணி, பிரிண்ட் எடுத்து நீட்டினேன். மீரா உசேன் அந்தத் தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டும் தண்ணியாங்க?"

"மூலக்கூறு. இத்தனை மூலக்கூறு உங்க வயல்லேருந்து வெளியாவுது. இவ்வளவ வச்சுக்கிட்டு இன்னும் கேக்குறீங்களே, பக்கத்து வயல்காரன் என்ன நெனப்பான்?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படித்தவர்கள் சொன்னால் ஏதோ இருக்கும் என்கிற மரியாதை அவருக்கு இருந்தது. அந்த மரியாதையில்தான் எங்கள் வாரியம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, கடன் கொடுத்தவர்கள் வந்திறங்கிய அன்று, மண்டபத்து வாசலில் செயல்முறை விளக்கம் வைத்தார்கள். பயனாளி என்று மீரா உசேனையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஊழியர்கள் நாற்பது பேரும் குளுக்கோஸ். நான் ஆறாவது குளுக்கோஸ். ஒவ்வொருவர் வலது கையிலும் முக்கால் பாட்டில் தண்ணீர், இடது கையில் கால் பாட்டில். அடுத்தவரோடு கை கோர்க்க வேண்டுமென்றால் என் வலது கையும் அவர் இடது கையும் காலியாக வேண்டும். முக்காலும் காலும் சேர்ந்து ஒரு முழு பாட்டில் தரையில் கொட்டும். இயக்குநர் விசில் அடித்தார். ஐந்தாவது குளுக்கோஸான கணக்கர் என் புடவை மேலேயே கொட்டினார். முப்பத்தொன்பது பாட்டில் மினரல் வாட்டர் சிமெண்ட் தரையில் ஓடி, வாசலைத் தாண்டி, சாக்கடையில் விழுந்தது.

"திஸ் இஸ் பேடி! இதுதான் நெல்லு!" என்று இயக்குநர் கூவினார். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

மீரா உசேன் எழுந்து நின்றார். சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "சார், ஒரு சந்தேகம். இவுங்க கையில பாட்டில் முதல்லேருந்தே இருந்துச்சு. வெறுங்கையோட வந்தா எதைக் கொட்டுவாங்க?" என்று கேட்டார்.

"அருமையான கேள்வி. கேள்விகளுக்குன்னு தனி அமர்வு இருக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு."

சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் பெரிய கோயிலைப் பார்க்கக் கிளம்பிவிட்டதால் கேள்வி அமர்வு ரத்தானது. மீரா உசேன் நான்கு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஈரப் புடவையோடு நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சான்று கொடுக்க வேண்டுமானால் களஆய்வு நடக்க வேண்டும். மனு கொடுத்த ஆறாம் நாள் இரண்டு ஜீப்பில் போனோம். குறிப்பெடுக்க என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வயலில் வெடிப்பு என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இருந்தது. இயக்குநர் வரப்பில் நின்றபடி ஒரு கதிருக்குப் பாலிதீன் பையை மாட்டி, அடியில் நூலால் கட்டச் சொன்னார். காலை ஒன்பது மணிக்குக் கட்டியது. பதினோரு மணிக்குப் பையின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"உற்பத்தி!" என்று பையை அவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கணக்கர் ஜீப்பிலிருந்து மாலையை எடுத்துவந்து மீரா உசேன் கழுத்தில் போட்டார். கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

அப்போதுதான் கமருன்னிஸா வரப்பில் வந்து நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே சொன்னார்.

"அது பயிரு வேர்த்த வேர்வைங்க. உங்க மூஞ்சியில அந்தப் பைய மாட்டுனாலும்தான் தண்ணி கட்டும்."

நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை. இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, ஏழும் இருபத்தேழு சைபரும். அறிவியல்."

"அது குடத்துல எத்தனை?"

"என்னது?"

"நாங்க தண்ணிய குடத்துலதான் மொள்ளுறது. உங்க சைபரெல்லாம் சேத்து இந்த ஆறு மாவுக்கும் எத்தனை குடம்?"

இயக்குநர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுக் காதில் ஏதோ சொன்னார். "சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றார் பின்னால் நின்ற பக்கிரி.

"பதினாலு," என்றார் கணக்கர். "ஒரு மாசத்துக்கு."

"பதினாலு குடமா! எங்க வூட்டு மாடு ரெண்டு நாள்ல குடிச்சிடுமே அதை." கமருன்னிஸாவின் குரல் ஏறியது. "சரி, சர்க்கரை கை கோக்குறப்ப தண்ணி வுழுவுது. ஒத்துக்கிறேன். கோக்குறதுக்கு முதல்ல ஆளு வந்து சேரணும்ல? எலையில ஊறுன சர்க்கரையை கதிரு வரைக்கும் யாரு தூக்கிட்டு வர்றது? வெறும் சீனி ஓடுமா? பாகா இருந்தாத்தானே ஓடும்? அதுக்குத்தாங்க தண்ணி கேக்குறோம்."

இதை விடச் சுருக்கமாக அந்தப் பாடத்தை யாரும் எனக்கு நடத்தியதில்லை. இயக்குநர் கூலிங்கிளாஸைக் கழற்றித் துடைத்தார்.

"இலை, தண்டு எல்லாம் வேளாண்மைத் துறைம்மா. கதிர் மட்டும்தான் எங்களது. அவங்க எல்லைக்குள்ள நான் தலையிட்டா நல்லாருக்காது."

"அப்ப அவுங்கள்ட்ட போயி கேக்கவா?"

"கேக்கலாம். ஆனா மதகு சாவி எங்கள்ட்டதான் இருக்கு."

ஜீப் கிளம்பும்போது பார்த்தேன். மீரா உசேன் மாலையைக் கழற்றி, அதில் ஈரம் இருந்த ரோஜாக்களைப் பிய்த்து வெடிப்பு ஓரம் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கர் வேர்க்கடலை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் வாரியம் மீரா உசேனுக்கு அனுப்பிய கடிதம் இது. நானே அடித்ததால் வரி மறக்கவில்லை. 'களஆய்வில் தங்கள் வயலில் நீர் உற்பத்தி உறுதி செய்யப்பட்டுள்ளது. இந்நிலையில் மதகும் திறக்கப்பட்டால் வெள்ள அபாயம் ஏற்படக்கூடும். எனவே மூன்று நாட்களுக்குள் தங்கள் சொந்தப் பொறுப்பில் வடிகால் வெட்டி, உபரி நீரைத் தாழ்வான பகுதிக்கு வெளியேற்றுமாறு எச்சரிக்கப்படுகிறீர்கள்.' கீழே, மேடான பகுதிக்கு மக்களை அப்புறப்படுத்த ஒரு படகு தயார் என்ற குறிப்போடு வருவாய்த் துறைக்கு நகல்.

படகு வந்தது. லாரியில் கொண்டுவந்து, அவர் வயலோரம் கட்டாந்தரையில் இறக்கிவிட்டுப் போனார்கள். கமருன்னிஸா அதில் விறகு காயவைத்தார் என்று பக்கிரி வந்து சொன்னார்.

பக்கிரியும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஒன்பதாம் நாள் இயக்குநர் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஐயா, கண்ணை மூடிக்கிட்டு ஒரு மணி நேரம் ஷட்டரத் தூக்கிடுறேன். தண்ணி சும்மாதான் நிக்குது" என்று கெஞ்சினார்.

"பக்கிரி, ஒரு உற்பத்தியாளருக்குத் தண்ணி குடுக்குறது அவரை அவமானப்படுத்துற மாதிரி. அவர் சொந்தக் கால்ல நிக்கப் பழகணும். தாராளமயம்னா என்னன்னு நெனச்சே? ஹாலந்துல யாரும் மதகு தொறக்கச் சொல்லிக் கேக்குறதில்ல."

ஹாலந்தில் கடலே வீட்டுக்குள் வரப் பார்க்கிறது, தடுக்கத்தான் மதகு வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதை நான் சொல்லவில்லை. டிபன் கேரியர் மூன்றடுக்கு என்று முன்பே சொன்னேன்.

பத்து நாள் முடிந்தது. இலையில் இருந்த சர்க்கரை இலையிலேயே நின்றது. கதிருக்குப் போய்ச் சேராத இடத்தில் எது எதோடு கை கோர்க்கும்? நெல் உமியாகவே நிமிர்ந்து நின்றது. நல்ல விளைச்சலுக்குக் கதிர் தலை குனிய வேண்டும். அறுத்து, அடித்து, களத்தில் தூற்றியபோது முக்கால்வாசி காற்றோடு போயிற்று. கையில் நின்றது வீட்டுச் சாப்பாட்டுக்கே நான்கு மாதம் வராது. அடுத்த நடவுக்கு விதைக்குக்கூட அதில் எடுக்க முடியாது.

அதே வாரம் மீரா உசேன் பெயருக்கு இரண்டு காகிதம் அடித்தேன். முதலாவது, சாதனை நீர் உற்பத்தியாளர் என்ற பாராட்டுச் சான்றிதழ், ஆங்கிலத்தில், தங்க ஓரமும் அந்த இருபத்தேழு சைபரும் போட்டு. வெள்ளைக்காரர்களிடம் பட்டியல் முன்பே போய்விட்டதால் அதை மாற்ற முடியாது. இரண்டாவது, விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ். 'தங்கள் வயலில் சர்க்கரைகள் சேரத் தவறியதால், வாரியத்தின் கணக்கில் காட்டப்பட்ட நீர் உற்பத்தியாகவில்லை. இதற்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

அவர் இன்லண்ட் லெட்டரில் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார். 'ஐயா, தண்ணீர் இல்லாததால் தண்ணீர் வரவில்லை.'

இயக்குநர் அதன் ஓரத்தில் பச்சை மையால் குறிப்பெழுதினார்: 'பதில் அறிவியல்பூர்வமாக இல்லை.'

நோட்டீஸ் ஒன்றுக்கும் உதவவில்லை. சான்றிதழ் உதவியது. பீரோவின் அடித்தட்டிலிருந்து பாஸ்போர்ட் வெளியே வந்ததும் மீரா உசேன் திருச்சியில் ஒரு ஏஜெண்டைப் பார்த்தார். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஒரு ஆலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பரோட்டா போட்ட அனுபவத்தை அவர்கள் கேட்கவே இல்லை. தங்க ஓரத்தையும் இருபத்தேழு சைபரையும் பார்த்துவிட்டு அங்கேயே விசாவை உறுதி செய்தார்களாம். வாரியத்தால் யாருக்கும் பயனில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. ஊருக்குப் போய்விட்டுத் தஞ்சாவூர் திரும்பும் முதல் பஸ்ஸில் நான் இருந்தேன். மதகுப் பாலம் நிறுத்தத்தில் மீரா உசேன் ஒரு பெட்டியோடு ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கமருன்னிஸா கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் மேல் இவர் விரல். நான் தலையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அப்போது சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பாலத்துக்கு அந்தப் பக்கம் மதகு தூக்கியிருக்கிறது. மீரா உசேனின் ஆறு மாவிலும் தண்ணீர் ஏறி, அறுத்த தாள்களுக்கு நடுவே பளபளக்கிறது. வரப்பைத் தாண்டியும் வழிந்தது. வாரியம் இறக்கிவிட்டுப் போன படகு மெல்ல மிதக்கத் தொடங்கியிருந்தது.

பக்கிரி கையில் ரிஜிஸ்டரோடு பஸ்ஸை நோக்கி ஓடிவந்தார்.

"பாய், உங்க மனு பாஸாயிடுச்சு! வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்திருக்கு. இப்ப உங்க வயல்ல பயிரு இல்ல, அதனால சர்க்கரை சேரல. உற்பத்தி நிலையில இல்லாத வயலு தண்ணிக்குத் தகுதின்னு போட்டுட்டாங்க. பெற்றுக்கொண்டேன்னு இதுல ஒரு கையெழுத்து..."

அந்த ஆர்டரை வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அடித்தது நான்தான். பிழையில்லாமல் அடித்திருந்தேன்.

மீரா உசேன் தண்ணீரைப் பார்த்தார். கண்டக்டர்கூட விசில் கொடுக்கவில்லை. பிறகு ஜன்னல் வழியாக ரிஜிஸ்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சர்க்கரை ஒண்ணு சேந்தா நடுவுலேருந்து தண்ணி வெளிய போவணும்னு சொன்னாங்க பக்கிரி. இங்க எதுவும் சேரல. அப்பவும் வெளிய போறது நான்தான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. கமருன்னிஸா கம்பியை விடாமல் பத்தடி கூடவே நடந்து, பிறகு விட்டார்.

பக்கிரி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ரிஜிஸ்டரைத் தொடையில் வைத்து, 'பயனாளியின் நிலை' என்ற கட்டத்தில் 'திருப்தி' என்று எழுதினார்.